கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

பிள்ளைகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன் என்று யாராவது புதிதாக வந்தால் அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நீங்க தினமும் உட்கார்றீங்களா?" எந்தப் பயிற்சிக்குப் போனார்கள், என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு. தினமும் பத்து நிமிஷமாவது தன் மூச்சோடு உட்காராத ஆளைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் வார்த்தையைக் கேட்பதில்லை, குரலைத்தான் கேட்கிறார்கள். "அமைதியா மூச்சை கவனிங்க" என்று வாய் சொல்லும்போது கை வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால், கடைசி பெஞ்சு வரைக்கும் அது தெரிந்துவிடும்.

நான் வேலை பார்ப்பது வேதாரண்யம் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரை. அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், வளைகுடா நாடுகளில் இருக்கிறவர்கள். வீட்டில் நடப்பது எல்லாம் பிள்ளைகளோடு வகுப்புக்குள் வரும். இரவு அப்பா குடித்துவிட்டு வந்து போட்ட சண்டை, வாங்கிய கடன், கடலுக்குப் போன படகு இன்னும் திரும்பாதது. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு பயம் தனி. இவை தவிர ஐப்பசி, கார்த்திகை வந்தால் வானிலை அறிவிப்பு ஒன்று இருக்கிறது. செல்போனில் புயல் எச்சரிக்கை வந்த நாளில் கணக்கு டீச்சரும் சரி, நானும் சரி, பாடம் நடத்தியதாகப் பேர் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் நாகப்பட்டினத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கோயங்காவின் விபாசனா மரபில் ஆனாபானா என்கிற மூச்சுத் தியானம் கற்றவர். அந்த மரபில் பிள்ளைகளுக்கு ஆனாபானா மட்டும்தான் கற்றுத் தருவார்கள். முறை ரொம்ப எளிது. முதுகை நேராக வைத்து, கண்ணை மூடி, மூக்கு நுனியில் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அறிந்துகொண்டிருக்க வேண்டும். எண்ணக் கூடாது, எந்த நாமமும் சொல்லக் கூடாது, எதையும் கற்பனை செய்யக் கூடாது. இயல்பாக வரும் மூச்சு, அது எப்படி வருகிறதோ அப்படி. டீச்சர் இன்றைக்கும் விடியற்காலையில் அப்படித்தான் உட்காருகிறார்.

ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது அவர் அந்த முறையை மாற்ற வேண்டி வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம், ஆறாயிரத்துக்கும் மேல். தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்த பிள்ளைகளை உட்காரவைக்க டீச்சர் போனார். கண்ணை மூடச் சொன்னதும் பாதிப் பிள்ளைகள் மூடவில்லை. மூடியவர்களில் சிலர் உடனே திறந்துவிட்டார்கள். ஒரு சிறுமி டீச்சர் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மூடுனா தண்ணி வருது" என்றாளாம். 'கண்ணை மூடு' என்ற வார்த்தையை டீச்சர் அன்றைக்கே தன் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார். "கண்ணு திறந்தே இருக்கட்டும். கையைத் தரையில வை. தரை இருக்கா? தொட்டுப் பாரு. சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?" இவ்வளவுதான் முதல் வாரம் முழுவதும். உள்ளங்கைக்கு அடியில் மணல். அதைத் தவிர வேறு தியானம் கிடையாது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது இது எனக்குப் புரியவில்லை. மூச்சு எங்கே, அமைதி எங்கே என்று கேட்டேன். "பயந்த பிள்ளைக்கு உள்ளே பார்க்கச் சொன்னா அங்க பயம்தான் இருக்கும். முதல்ல வெளியே பிடிச்சுக்க ஒரு இடம் குடு. உள்ளே அப்பறம் போகலாம்" என்றார். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், யாருக்கு மூடிய கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் எப்போதும் இரண்டு வழியையும் சொல்லுங்கள்: விருப்பம் இருந்தால் மூடலாம், இல்லையென்றால் ஒரு கை தூரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூடாத பிள்ளையை முறைக்காதீர்கள். நீங்களும் மூடாதீர்கள். வகுப்பு நடத்துகிறவர் கண் திறந்திருந்தால்தான் யார் உதடு நடுங்குகிறது என்று தெரியும்.

மூச்சுக்குப் போக டீச்சர் வைத்திருந்த வழி பூவரச இலை. எங்கள் பக்கத்தில் வேலிக்கு வேலி பூவரசு நிற்கும். ரொம்பத் தளிராகவும் வேண்டாம், முற்றியதாகவும் வேண்டாம். இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் அழுத்தித் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள்தான் நமக்குச் சொல்லித்தருவார்கள். முதல் நாள் காது கிழியும். விட்டுவிட வேண்டும். இரண்டாம் நாள், "யாரு நீளமா, சத்தம் உடையாம ஊதுறீங்க?" என்று கேட்க வேண்டும். சத்தம் உடையாமல் நீளமாக வர வேண்டுமென்றால் மூச்சை மெதுவாக, சீராக விட்டாக வேண்டும். வேகமாக ஊதினால் இலை அலறும், விட்டு விட்டு ஊதினால் நின்றுவிடும். "மூச்சை மெதுவா விடுங்க" என்று நாம் ஒரு தடவைகூடச் சொல்லாமலேயே முழு வகுப்பும் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும்.

அது ஏன் வேலை செய்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து நாடி பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், வெளியே வரும்போது கொஞ்சம் தணியும். சிறு வயதில் இந்த வித்தியாசம் பெரியவர்களைவிட நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் கிடையாது. தன் உடம்புக்குள் தன் கைக்கு எட்டுகிற ஒரு விசை இருக்கிறது என்று அவன் விரலே அவனுக்குச் சொல்லிவிடுகிறது. ஒருவன் கபடிப் போட்டிக்கு முன்னால் யாரும் பார்க்காமல் சுவர் ஓரமாக நின்று நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சிறியவர்களுக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்கு, ஜமுக்காளம் விரித்து மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின் மேல் அதே இலையை வைக்கலாம். இலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதுதான் வேலை. வேறு ஊர்களில் இதற்குக் காகிதக் கப்பல் வைப்பார்கள். எங்கள் ஊரில் கப்பல் வேண்டாம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படகில் போன அப்பா திரும்பி வராத பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும்.

மூச்சின் வேகம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிஷத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுவார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைவிட வேகமாக ஓடும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு இளம் ஆசிரியை, தன் வேகத்திலேயே "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணி மூச்சை இழுக்கவைத்தார், அதே எண்ணிக்கைக்கு அடக்கவும் வைத்தார். ஐந்தாவது சுற்றில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தலை சுற்றியது. பெரிய டீச்சர் அன்றைக்கு வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அந்தப் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆசிரியையின் தோளில் கை வைத்து, "அவங்க மூச்சு அவங்களோடதும்மா. நீ நடத்தாத" என்றார். அவ்வளவுதான் திருத்தம். அந்த ஆசிரியை இன்று என்னைவிட நன்றாகச் சொல்லித்தருகிறார். மூச்சை அடக்குகிற பயிற்சி எதுவும் பள்ளியில் வேண்டாம். வீசிங் உள்ள பிள்ளைகளுக்கும், சளிபிடித்து மூக்கு அடைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் மூச்சே வேண்டாம். பாதம் தரையில் பதிந்திருப்பதை, உள்ளங்கையில் ஒரு கிளிஞ்சல் இருப்பதை கவனித்தால் போதும்.

கிளிஞ்சல் நல்ல கருவி. செலவில்லை, கரையில் கிடக்கிறது, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஆளுக்கு ஒன்று கொடுத்து இரண்டு நிமிஷம் பார்க்கச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் ஒரு தட்டில் கலந்து கொட்டி, அவரவருடையதை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிடுவார்கள். கவனிப்பது என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அடித்தால் ஓசை நெடுநேரம் நிற்கும். சந்தையில் இதற்கென்றே வெண்கலக் கிண்ணங்கள் விற்கிறார்கள், நல்ல விலை. அது தேவையில்லை. ஒரு தடவை அடித்துவிட்டு, ஓசை முழுவதும் போனதாகத் தோன்றும்போது விரலைத் தூக்குங்கள் என்று சொல்வோம். விரல்கள் ஒவ்வொன்றாக எழும். எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்க மாட்டார்கள். யாருடைய விரல் சரி என்று சொல்லவே கூடாது. சொன்னால் அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் ஓசையை விட்டுவிட்டு முதல் பெஞ்சுப் பெண்ணின் விரலைப் பார்த்துத் தூக்க ஆரம்பிப்பார்கள்.

சாப்பிடுவதை வைத்தும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின் 1979-இல் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில் ஒரு உலர்ந்த திராட்சையைக் கொடுத்து மெதுவாகச் சாப்பிடச் சொல்வார்கள். நாங்கள் பெரிய நெல்லிக்காய் கொடுக்கிறோம். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு, கொஞ்சம் கசப்பு, அதற்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இனிப்பு. ஒரே காயில் இத்தனை மாற்றம் வேறு எதில் கிடைக்கும்? கோபம் வந்த ஒரு நாளில் இந்தக் காயைப் பற்றிப் பேசலாம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "கோபமும் இப்படித்தான் டீச்சர், இருக்கறப்ப அது மட்டுந்தான் இருக்கற மாதிரி இருக்கு" என்றான். நான் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை தானே கண்டுபிடித்ததை நாம் மறுபடி விளக்கிக் கெடுக்கக் கூடாது.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் கஜா புயல் எங்கள் தலைமேல்தான் கரை கடந்தது. தென்னை, சவுக்கு, மா எல்லாம் சாய்ந்தன. கூரைகள் போயின. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. பள்ளி திறந்த பிறகு காற்று சற்றுப் பலமாக அடித்தாலே பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக மேலே கூரையைப் பார்ப்பார்கள். அப்போது ஆழிப்பேரலை நாட்களின் பாடங்களை டீச்சர் எங்களுக்கு மறுபடி எடுத்தார். காற்றோசையை அடக்க முடியாது, அதையே கேட்போம். இப்போது கேட்பதில் எது ரொம்பத் தூரம்? எது பக்கம்? ஜன்னல் கொக்கி ஆடுகிறதே, அது எந்தப் பக்கம்? பக்கத்தில் இருப்பவன் மூச்சு கேட்கிறதா? தூரத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பக்கத்துக்கு வந்து, கடைசியில் உள்ளங்கை பெஞ்சில் இருப்பதில் முடிப்போம். இதுவும் முடியாத பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களை வாசல் பக்கம் உட்காரவைத்தோம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம் என்று தெரிந்தாலே சிலரால் உட்கார முடிகிறது. அந்தப் பருவத்தில் எங்கள் வகுப்புக் கதவு மூடவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். ஆறாம் வகுப்புக்கு இரண்டு மூன்று நிமிஷம், பத்தாம் வகுப்புக்கு ஐந்து, மிஞ்சினால் ஏழு. நீளத்தைவிட முக்கியம் தினமும் என்பது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2022-இல் முடிவு வந்தது. மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் படித்தவர்களுக்கும் வழக்கமான வகுப்புகளில் இருந்தவர்களுக்கும் மனநலத்தில் வித்தியாசம் இல்லை என்றார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே பயிற்சியே செய்யவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. இதைக் காட்டி எல்லாம் வீண் என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. பாடமாக நடத்தினால் பாடமாகத்தான் போகும். டில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மகிழ்ச்சி வகுப்பு தொடங்கியபோது எட்டாம் வகுப்பு வரை தினமும் என்று வைத்தார்களே, அந்தத் 'தினமும்' என்பது சரியான யோசனை. பத்து வாரப் பாடத்தைவிட நாலு வருஷம் தினமும் மூன்று நிமிஷம் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

பசியோடு வரும் பிள்ளை உட்கார்ந்ததும் தூங்கிவிடும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் உண்டு. தூங்குகிறவனை எழுப்பாதீர்கள். முடிந்தபின் மெதுவாகக் கூப்பிட்டு, "காலைல என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். பல நாள் தியான வகுப்பின் பயனே அந்தக் கேள்விதான்.

பெற்றோர்கள் வந்து கேட்பதும் நியாயம். ஒரு முஸ்லிம் அம்மா நேராக வந்து, "டீச்சர், இதுல சாமி உண்டா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்காரவைத்து முழு வகுப்பையும் காட்டினேன். எங்கள் வகுப்பில் விளக்கு இல்லை, படம் இல்லை, ஓம் இல்லை, முடிவில் கைகூப்புவதும் இல்லை. அப்படியே வைத்திருக்க வேண்டும். உங்கள் சொந்த நம்பிக்கை எதுவானாலும் அதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். எல்லா வீட்டுப் பிள்ளையும் தயக்கமில்லாமல் உட்காரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

இதைத் தண்டனையாக ஆக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். "இந்த செக்‌ஷன் ரொம்ப சத்தம், கொஞ்சம் தியானம் பண்ண வைங்க" என்று யாராவது சொல்வார்கள். நான் மறுத்துவிடுவேன். சத்தம் போடும் வகுப்பை மைதானத்துக்கு அனுப்புங்கள், ஓடிவிட்டு வரட்டும், பிறகு உட்காரலாம். அடக்குவதற்காக உட்காரவைத்த பிள்ளை அடுத்த முறை கண்ணை மூடும்போது தன்மேல் வந்த கோபத்தைத்தான் நினைக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது ஒரு பிள்ளை அழுதால் எல்லார் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள். கண்ணால் பார்த்து, "நான் பார்த்துட்டேன்" என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும். மணி அடித்தபின் தண்ணீர்த் தொட்டி வரை கூடவே நடந்து போங்கள். நடக்கும்போதுதான் பிள்ளைகள் பேசுவார்கள், முகத்துக்கு நேராக உட்காரவைத்தால் பேச மாட்டார்கள். சொல்வதைக் கேளுங்கள். நம் எல்லையும் தெரிய வேண்டும். நாள்கணக்கில் தூக்கம் இல்லை, கையைக் கீறிக்கொள்கிறாள், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறாள், வீட்டில் யாரோ தொடுகிறார்கள் என்கிறாள் என்றால் அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லி, உரியவர்களிடம் கொண்டுபோக வேண்டும். மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், பணம் கிடையாது. எங்கள் வகுப்புச் சுவரில் கரும்பலகைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே அதிகம் பயன்பட்டது அந்த இரண்டு எண்களாகக்கூட இருக்கலாம்.

பலன் தெரிகிறதா என்று கேட்கிறவர்களுக்கு: அமைதியான வகுப்பை வைத்து அளக்காதீர்கள், பயத்தாலும் வகுப்பு அமைதியாகும். நான் பார்ப்பது வேறு. அடிக்கக் கை ஓங்கிய பையன் ஒரு நொடி நின்று பெஞ்சில் உள்ளங்கையை வைக்கிறானா? "எனக்கு இப்ப கோபமா வருது, நான் அந்தப் பக்கம் போறேன்" என்று ஒரு பெண்ணுக்குச் சொல்ல வருகிறதா? வினாத்தாளைப் பார்த்ததும் கை வேர்த்தவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்கிறாளா? மதிப்பெண் கூடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள், பதிவேடு கேட்காதீர்கள், விழா நாளில் மேடையில் உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். ஜனவரி வந்ததும் திருப்புதல் தேர்வுக்காக முதலில் பறிபோவது இந்த ஐந்து நிமிஷம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது அதிகமாகத் தேவைப்படும் மாதமும் அதுதான். அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் எடுக்காமல் விட்டுவையுங்கள்.